சங்கொலியும் மணியொலியும்: புதுவைப் பங்குக் கோயில்களும் நம் நகரியமும்

நெய்வேலியில் வாழ்வோர்க்கு 'வட்டம்' என்னும் சொல் இருபொருள் தருவது. வீட்டு முகவரி சொல்லும்போது அது குடியிருப்புப் பகுதி. மாலையில் கவிதை ஏட்டைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்படும்போது அது நம் இலக்கியக் கூட்டம். பத்து ஆண்டுகளாக இந்த இரண்டாம் வட்டத்தில் சங்கப் பாடல் முதல் புதுக்கவிதை வரை பேசியிருக்கிறோம். கட்டடங்களைப் பற்றிப் பேசியதில்லை. கவிஞர்கள் கட்டடத்தைக் காண்பதெல்லாம் பெரும்பாலும் உவமைக்காகவே. தூணும் மாடமும் கோபுரமும் நம் பாட்டில் வந்து போகின்றன. அவற்றைக் கட்டியவர் யார், உள்ளே நின்றவர் யார், வெளியே நிறுத்தப்பட்டவர் யார் என்னும் வினாக்களை நாம் எழுப்புவதில்லை. இம்மலருக்குக் கட்டுரை கேட்கப்பட்டபோது அவ்வினாக்களையே எடுத்துக்கொண்டேன்.

எடுத்துக்கொண்ட பொருள் கத்தோலிக்கப் பங்குக் கோயில்கள். எடுத்துக்கொண்ட ஊர் புதுவை. நெய்வேலியில் இருந்துகொண்டு புதுவையைப் பற்றி எழுதுவானேன் எனச் சிலர் வினவக்கூடும். நம் நகரியத்துக் கத்தோலிக்கக் கோயில்கள் யாவும் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. 1886இல் புதுவை உயர்மறைமாவட்டம் என உருவாகி, 1953இல் கடலூரின் பெயரையும் சேர்த்துக்கொண்ட அமைப்பு அது. இது நிர்வாகம் பற்றிய காரணம். எனக்குப் பெரிதாகப் படும் காரணம் வேறு. சுற்றுலாப் பயணிகளின் கண்ணுக்குப் புதுவை ஒரு பிரெஞ்சுக் கடற்கரை நகரம். ஆனால் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அது ஒரு மில் நகரமாகவும் இருந்தது. ஆலை நகரத்தில் தேவாலயம் எவ்வாறு அமைந்தது, அதற்குள் மனிதர் எவ்வாறு பிரிக்கப்பட்டும் சேர்க்கப்பட்டும் நின்றனர் என்பதைத் தொடர்ச்சியாகக் காண நமக்கு மிக அண்மையில் உள்ள ஊர் அதுவே.

'பங்கு' என்னும் சொல்லைச் சற்று விளக்கிவிட வேண்டும். திருத்தலம் வேறு, பங்குக் கோயில் வேறு. நமக்கு மேற்கே விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னையின் கோயில் இருப்பதை அறிவீர்கள். தேம்பாவணியின் 3615 பாடல்களைத் தந்த வீரமாமுனிவர் எழுப்பிய கோயில் என்பதால் தமிழ் படித்தவர் ஒருமுறையேனும் அங்குச் சென்றிருப்பர். விருத்தாசலத்து அம்மையின் பெயரையே மரியன்னைக்குச் சூட்டி, அவ்வன்னைக்குச் சேலையும் உடுத்திப் பார்த்தவர் அக்கவிஞர். ஆயினும் அது முதன்மையாகத் திருத்தலம். தொலைவிலிருந்து வேண்டுதலோடு வருவோர்க்கு உரியது. பங்குக் கோயில் என்பது ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் வாழும் மக்களின் அன்றாடக் கோயில். திருமுழுக்கும் திருமணமும் அடக்கமும் அங்கேதான் பதிவாகின்றன. எனவே ஊரில் உள்ள வேற்றுமைகள் எல்லாம் ஞாயிறுதோறும் அதன் தரையில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன.

சம்பா கோயில்

புதுவை மக்கள் தம் தேவாலயங்களுக்கு வழங்கும் பெயர்கள் மொழி ஆய்வாளர்க்கு விருந்து. அமல உற்பவ அன்னைப் பேராலயம் என்பது ஏட்டில் உள்ள பெயர். மக்கள் நாவில் அது சம்பா கோயில். அதனை எழுப்பிய இயேசு சபையினர், கோவாவில் அவர்கள் நடத்திய புனித பவுல் கல்லூரியின் தொடர்பால் 'பவுலின் குருக்கள்' என அறியப்பட்டவர்கள். போர்த்துகீசிய மொழியின் 'சான் பவுலோ' தமிழ் நாவில் தேய்ந்து 'சம்பா' ஆயிற்று. தேவதூதர்களின் அன்னை ஆலயமோ கப்ஸ் கோயில். அதனை நடத்திய கப்புச்சின் துறவியரின் பெயர்ச் சுருக்கம். கோயில் யாருக்கு நேர்ந்தளிக்கப்பட்டது என்பதைக் காட்டிலும் யார் கையில் இருந்தது என்பதே மக்கள் மனத்தில் தங்கியிருக்கிறது. 'சர்ச்சு' என்னும் சொல் பரவிய பின்பும் 'கோயில்' என்ற சொல்லை இப்பெயர்கள் விடவில்லை.

சம்பா கோயிலின் வரலாறு இடிபாடுகளின் வரலாறு. பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயியின் பொருளுதவியோடு 1692இல் எழுந்த முதற்கோயில், மறு ஆண்டே டச்சுக்காரர் புதுவையைக் கைப்பற்றியபோது அழிந்தது. அடுத்து எழுந்ததும் நிலைக்கவில்லை. 1728 முதல் 1736 வரை கட்டிய பெரிய கோயிலை 1761இல் ஆங்கிலேயர் நகரோடு சேர்த்துத் தகர்த்தனர். இன்று மிசியோன் வீதியில் நாம் காணும் கோயில் 1770இல் தொடங்கி 1791இல் நிறைவுபெற்றது. இரட்டை இரட்டையாக நிற்கும் தூண்களைக் கொண்ட அதன் முகப்பு பாரிசிலுள்ள வால்-டி-கிராஸ் ஆலயத்தை நினைவூட்டுவது என்பர். இடிந்தவை தேவாலயங்கள் மட்டும் அல்ல. 1748இல், துய்ப்ளேக்சு ஆளுநராக இருந்தபோது, இக்கோயிலை ஒட்டியிருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது; பின்னாளில் அது வேறிடத்தில் மீண்டும் கட்டப்பட்டது. ஒரு கோயிலின் அழகைப் பேசும்போது அதன் அயலில் நின்று மறைந்த கோயிலைப் பேசாமல் விடுவது வரலாறாகாது.

இச்செய்தியை விரிவாக எழுதி வைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை (1709-1761). 1736 முதல் அவர் எழுதிய நாட்குறிப்பைத் தமிழ் உரைநடை வளர்ச்சிக்குச் சான்றாக நாம் வகுப்பறையில் கற்பிக்கிறோம். மாணவியரிடம் நான் சொல்வதுண்டு: மொழிநடைக்காக மட்டும் அதனைப் படிக்காதீர்கள், யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று தேடிப் படியுங்கள் என்று. அவ்வாறு தேடினால் கிடைப்பது 1745ஆம் ஆண்டுக் குறிப்பு. சம்பா கோயிலின் உள்ளே, வடபுறத்தில், சாதிக் கிறித்தவரையும் ஒடுக்கப்பட்ட கிறித்தவரையும் பிரிக்கும் சுவர் ஒன்று எழுப்பப்பட்டிருந்தது. காரைக்காலிலிருந்து வந்த குரு ஒருவர் அதனைக் கண்டார். பறைச்சேரி மக்கள் திரண்டு சென்று, தாங்களும் அவர்களைப் போலவே கிறித்தவர் அல்லரோ என்று மூத்த குருவிடம் முறையிட்டனர். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர் சினந்தெழுந்தனர். பிள்ளை வைணவர், இவ்வழக்கில் அவர் பார்வையாளர் மட்டுமே. அதனாலேயே அக்குறிப்பு நம்பத்தக்கதாக இருக்கிறது.

அதே ஆண்டில் அரியாங்குப்பத்தில் கனகராய முதலியார் ஒரு தேவாலயம் கட்டி முடித்துப் பெருவிருந்து நடத்தினார். துய்ப்ளேக்சின் தலைமைத் துபாசியாக விளங்கிய கத்தோலிக்கர் அவர். அவ்விருந்தில் சாதி இந்துக்களுக்குத் தனிச் சமையல், ஐரோப்பியருக்குத் தனி மேசை. இதனையும் பிள்ளை எழுதி வைத்திருக்கிறார். ஒரே ஆண்டு, ஓர் ஊரில் சுவர் இடிகிறது, அடுத்த ஊரில் புதுக்கோயிலின் வாசலிலேயே பந்தி பிரிகிறது.

வாய்க்காலுக்கு அப்பால்

கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்ததென்றால், நகருக்கு நடுவில் ஒரு வாய்க்கால் இருந்தது. கிழக்கே வெள்ளையர் நகரம். மேற்கே தமிழர் நகரம். கப்புச்சின் துறவியர் ஐரோப்பியர்க்கு ஆன்ம குருக்கள். இயேசு சபையினரும், அச்சபை 1773இல் கலைக்கப்பட்ட பின் அவர்தம் இடத்துக்கு வந்த பாரிஸ் வெளிநாட்டு வேதபோதகச் சபையினரும் தமிழர்க்குக் குருக்கள். எனவே துய்மா வீதியிலுள்ள கப்ஸ் கோயிலுக்குள் சுவர் எழுப்ப வேண்டிய தேவையே இல்லை. அந்த வேலையை வாய்க்கால் செய்துவிட்டது.

இப்போதுள்ள கப்ஸ் கோயில் 1855இல் நிறைவுற்றது. அதனை வடிவமைத்தவர் லூயி கேர் என்னும் பொறியாளர். கிரேக்க-உரோமானிய அமைப்பில், இளஞ்சிவப்பும் வெண்மையுமாகக் கடலை நோக்கி நிற்கிறது. உள்ளே மூன்றாம் நெப்போலியன் அளித்த விண்ணேற்பு ஓவியம் இருக்கிறது. எதிரே உள்ள சிறு பூங்காவில் ஜோன் ஆஃப் ஆர்க்கின் சிலை. முட்டை வெண்கரு கலந்த சுண்ணச் சாந்து பூசிய உட்சுவர்களில் கையை வைத்தால் கோடையிலும் குளிர்ச்சி தெரியும். அதனைப் பூசியவர்கள் வாய்க்காலுக்கு மேற்கே வாழ்ந்த தமிழ்க் கொத்தர்கள் என்பதில் ஐயமில்லை. அவர்கள் பெயர் எந்தப் பளிங்குக் கல்லிலும் இல்லை.

1872

சுவர் என்பது புதுவைக்கு மட்டும் உரிய நோய் என்று எண்ணிவிடக் கூடாது. அதன் உச்சத்தைக் காண வேண்டுமாயின் தெற்கே, அக்காலத்துத் திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளத்துக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள திருக்குடும்ப ஆலயத்துக்கு மக்கள் அமரும் நீள்கூடம் ஒன்றன்று, இரண்டு. ஒன்று வேளாளர்க்கு, மற்றொன்று நாடார்க்கு. இரண்டும் விரிந்த கால்கள்போல் பிரிந்து, பலிபீடத்தருகே மட்டும் கூடும். குருவானவர்க்கு இரு கூடமும் தெரியும். ஒரு கூடத்தார்க்கு மறு கூடத்தார் தெரியமாட்டார். வழக்கமாகக் கட்டடம் எழுந்த பின்னர்த்தான் சுவர் வந்து நுழையும். இங்கோ தச்சன் இட்ட முதற் கோட்டிலேயே சாதி இருந்தது. அக்கோயில் 1872இல் நிறைவுற்றது. 1910ஆம் ஆண்டளவில் கௌசானல் அடிகளார் பிரிவுச் சுவரை அகற்றினார். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று, சாதிப் பிரிவினை கோரியவர்கள் தோற்றனர்.

1872 என்னும் ஆண்டை நெய்வேலியில் இருப்போர் வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறோம். அவ்வாண்டு தைப்பூசத்தன்றுதான் வடலூரில் வள்ளலாரின் சத்திய ஞான சபையில் முதன்முதலாகச் சோதி வழிபாடு நடந்தது. எண்கோணக் கட்டடம்; ஏழு திரைகள்; அவற்றுக்குப் பின்னே ஒரு விளக்கு. சாதி சமயம் பாராத கூடம் அது. உள்ளே செல்லப் புலால் மறுத்திருக்க வேண்டும் என்னும் வரையறை ஒன்று உண்டு; அவ்வரையறை பிறப்பைப் பற்றியதன்று, ஒழுக்கத்தைப் பற்றியது. ஓராண்டில், ஒரே மொழி பேசும் நாட்டில், இரு கட்டடங்கள். ஒன்றின் வடிவம் இரு சாதியாரும் ஒருவரை ஒருவர் பாராதிருக்க வேண்டும் என்பதிலிருந்து பிறந்தது. மற்றொன்றின் எட்டுப் பக்கங்களும் ஒரே சுடரைச் சுற்றி நிற்கின்றன. நம் பேருந்து நிறுத்தங்களில் ஒன்றாகிவிட்டதால் வடலூரின் அருமை நமக்குத் தெரிவதில்லை.

ஆலைச் சங்கு

இனி மீண்டும் புதுவை. 1829இல் அங்கு முதல் நெசவாலை தோன்றியது. சவானா மில் என்று வழங்கப்பட்டுப் பின்னாளில் சுதேசி மில் ஆனது. 1892இல் கெப்ளே மில் தோன்றிற்று. அது பிற்காலத்துப் பாரதி மில். 1898இல் முதலியார்பேட்டையில் ரோடியர் மில் என்று மக்கள் அழைத்த ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் எழுந்தது. இடையில் 1879இல் விழுப்புரத்திலிருந்து இருப்புப்பாதை வந்து சேர்ந்தது. நகரின் வானத்தில் அதுவரை கோபுரங்களும் மணிக்கூண்டுகளும் மட்டுமே இருந்தன. இப்போது புகைபோக்கிகள் அவற்றோடு சேர்ந்துகொண்டன. அதைவிடப் பெரிய மாற்றம் காதுக்கு நேர்ந்தது. கோயில் மணி அடித்தால் எழுந்த ஊர், ஆலைச் சங்கு ஊதினால் எழத் தொடங்கியது. சங்கு என்பது நமக்கு வழிபாட்டுக்கும் போருக்கும் சாவுக்கும் உரிய ஒலி. ஆலையின் நீராவிக் கூவலுக்கும் அதே பெயரைத் தமிழர் இட்டது எண்ணிப் பார்க்கத்தக்கது.

மேலைநாடுகளில் இம்மாற்றம் முன்னரே நிகழ்ந்திருந்தது. இங்கிலாந்தின் பஞ்சாலை நகரமான பிரெஸ்டனில் புனித வால்பர்கா ஆலயம் 1854இல் திறக்கப்பட்டது; ஊசி போன்ற அதன் கோபுரம் அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் 94 மீட்டர் உயரத்துக்கு எழுந்தது. அந்நாட்டுப் பங்குக் கோயில்களில் அதனினும் உயர்ந்த ஊசிக்கோபுரம் இன்றும் இல்லை. வடிவமைத்தவர் ஜோசப் ஹான்சம். ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளில் அடிக்கடி வரும் ஹான்சம் குதிரைவண்டி அவர் பெயரால் அமைந்ததே. புகைபோக்கிகளால் நிறைந்த வானத்தில் கோயில் தன் இடத்தைக் கேட்டுப் பெற்றது என்று அக்கோபுரத்தைக் கொள்ளலாம். இடைக்காலத்துக் கோதிக் பாணி, இயந்திரக் காலத்தில் மறுபிறவி எடுத்ததற்கும் இதுவே காரணம் என்பது என் கருத்து. உருளையும் சக்கரமும் ஆட்சி செய்த ஊர்களில் மக்கள் கூர்வளைவை விரும்பினர்.

அக்கூர்வளைவு ரயில் நிலையத்தின் அருகே புதுவையில் வந்து இறங்கியது. இருதய ஆண்டவர் ஆலயம் நகரின் தென்கோடியில், தெற்கு புல்வாரில் உள்ளது. 1895இல் பேராயர் காந்தி தம் உயர்மறைமாவட்டத்தை இயேசுவின் திருஇருதயத்துக்கு ஒப்புக்கொடுத்ததன் தொடர்ச்சியாக எழுந்த எண்ணம் இது. (பேராயரின் பெயர் நம் காந்தியடிகளை நினைவூட்டலாம், இவர் பிரெஞ்சுக்காரர்.) 1902இல் வெல்டர் அடிகளார் பணியைத் தொடங்கினார். 1907 டிசம்பர் 17 அன்று ஆலயம் மந்திரிக்கப்பட்டது. 1908 ஜனவரியில் தனிப் பங்காயிற்று. வெல்டர் அடிகளாரே முதற் பங்குக் குரு. 2011இல் திருத்தந்தை அதனைப் பசிலிக்காவாக உயர்த்தினார்.

கட்டடம் சிலுவை வடிவினது. நீளம் 50 மீட்டர், அகலம் 48 மீட்டர், உயரம் 18 மீட்டர். இந்த அளவுகளைச் சற்று நின்று நோக்க வேண்டும். ஐரோப்பியக் கோதிக் ஆலயங்களில் நீளமே ஓங்கியிருக்கும்; வாசலில் நுழைந்தவன் தொலைவிலுள்ள பலிபீடத்தை நோக்கி நெடுந்தூரம் நடக்க வேண்டும். இங்கோ நீளமும் அகலமும் ஏறத்தாழ ஒன்று. சிலுவையின் கைகள் உடலளவு நீண்டிருப்பதால் மக்கள் மூன்று பக்கமும் அமர, பலிபீடம் அவர்களுக்கு அண்மையில் வந்துவிடுகிறது. 24 பெருந்தூண்கள் கூரையைத் தாங்குகின்றன. வண்ணக் கண்ணாடிச் சாளரங்களில் திருஇருதயப் பக்தியில் சிறந்த 28 புனிதர்கள். பனி மூடிய பிரான்சில் மங்கிய ஒளியைத் தேடிப் பிடிப்பதற்காகப் பிறந்தவை அச்சாளரங்கள். நம் வெயிலில் அவற்றின் வேலை தலைகீழாகிறது. கண்கூசும் ஒளியை அவை அடக்கி, சிவப்பாகவும் நீலமாகவும் தரையில் சிந்துகின்றன. பிற்பகல் நான்கு மணி அளவில் செல்லுங்கள். கவிஞர்களுக்கு நான் அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

சிலுவை வடிவத்துக்குத் தமிழகத்தில் ஒரு பழைய பயன்பாடும் இருந்தது என்பதை மறைக்க இயலாது. நடுக்கூடம் ஒரு சாதிக்கு, பக்கக் கைகள் மற்றொரு சாதிக்கு எனப் பல ஊர்களில் வழக்கம் நிலவிற்று. சுவரே இல்லாமல் பிரித்துவிட அவ்வடிவம் வசதியானது. ஆனால் இருப்புப்பாதைக்கும் ஆலைகளுக்கும் பக்கத்தில் எழுந்த பங்கு ஒன்றில் இவ்வழக்கம் நெடுங்காலம் நிலைத்திருத்தல் அரிது. தறிக்கூடத்தில் இயந்திரங்கள் சாதி பார்த்து அடுக்கப்படவில்லை. ஒரே சங்குக்கு உள்ளே போய், ஒரே சங்குக்கு வெளியே வந்தவர்கள் ஞாயிறன்று மட்டும் தனித்தனி வாசலில் நுழைவது வரவரக் கடினமாகியிருக்கும். ஆலை மனிதர்க்குச் சமத்துவம் தந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆலை தந்தது களைப்பு. அக்களைப்பு எல்லார்க்கும் ஒன்றுபோல் இருந்தது.

அந்தக் களைப்பின் வரலாற்றில் 1936 ஜூலை 30 மறக்கவொண்ணாத நாள். வேலை நேரக் குறைப்பும் சங்கம் அமைக்கும் உரிமையும் கேட்டுப் போராடிய மில் தொழிலாளர்மீது பிரெஞ்சிந்தியக் காவற்படை சுட்டதில் 12 பேர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டு, 1937இல், எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. ஆசியாவிலேயே முதலில் என்பர். அப்போராட்டத்தின் தலைவர் வ. சுப்பையா. பொதுவுடைமையாளரான அவர் பெயரைத்தான் தெற்கு புல்வார் இன்று தாங்கியிருக்கிறது. இருதய ஆண்டவர் பசிலிக்காவின் முகவரி சுப்பையா சாலை. திட்டமிட்டு யாரும் இதைச் செய்திருக்க முடியாது. மேதினமும் மாதா திருவிழாவும் ஒரே தெருவில் ஊர்வலம் போகும் ஊருக்கு இம்முகவரி பொருத்தமானதே.

ஆலைகள் மூடிவிட்டன. 2020இல் ரோடியர், சுதேசி, பாரதி ஆகிய மூன்றும் முற்றாக முடிவுக்கு வந்தன. சங்கு ஓய்ந்தது, பசிலிக்காவின் மணி ஒலிக்கிறது. வென்றது மணி என்று பக்தர் ஒருவர் என்னிடம் சொன்னார். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. சங்கு ஒலித்த காலத்தில் அம்மணியின் ஒலிக்குக் கூலி வாங்கும் கைகள் எழுந்து சிலுவைக் குறி இட்டன.

பேழையும் நகரியமும்

புதுவை தானாக வளர்ந்து ஆலை நகரம் ஆனது. நெய்வேலி அப்படியன்று. ஜம்புலிங்க முதலியாரின் நிலத்துக் கிணற்றில் 1930களில் கருநிறப் பொருள் தென்பட்டதும், 1956இல் நிறுவனம் பதிவானதும், 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்ததும், 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டதும், 1962இல் சோவியத் துணையோடு அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் நம் பிள்ளைகள் பள்ளியில் படிப்பவை. இங்கு ஊர் முதலில் தாளில் வரையப்பட்டது. பிறகே மண்ணில் எழுந்தது. வரைபடத்தில் ஊரைப் படைப்பவர் கடவுளுக்கு எங்கே இடம் ஒதுக்குவார்?

இவ்வினாவுக்குச் சோவியத் துணையோடு எழுந்த மற்றொரு நகரம் கசப்பான விடை தருகிறது. போலந்தில் கிராக்கோவ் நகரையொட்டி 1949இல் தொடங்கப்பட்ட நோவா ஹூட்டா, லெனின் பெயர் தாங்கிய இரும்பாலைக்காகக் கட்டப்பட்டது. அகன்ற சாலை, மருத்துவமனை, பள்ளி எல்லாம் வரைபடத்தில் இருந்தன, தேவாலயம் இல்லை. தொழிலாளர் நகரத்துக்குக் கோயில் வேண்டியதில்லை என்பது ஆட்சியாளர் கொள்கை. தொழிலாளர்களோ பெரும்பாலும் சிற்றூர்களிலிருந்து வந்த கத்தோலிக்கர். 1957இல், தேவாலயத்துக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் அவர்கள் ஒரு மரச்சிலுவையை நட்டனர். பின்னர் அனுமதி மறுக்கப்பட்டது. 1960 ஏப்ரல் 27 அன்று சிலுவையை அகற்ற வந்தவர்களோடு பெண்கள் முன்னின்று மோதினர். 1967இல்தான் கட்டுமானப் பணியைத் தொடங்க முடிந்தது. பத்து ஆண்டுகள் மக்கள் தம் கைகளாலேயே கட்டினர். வெளிச்சுவரில் ஆற்றுப் படுகைக் கூழாங்கற்கள் இருபது இலட்சத்தைப் பதித்தனர். 1977 மே 15 அன்று அதனை நேர்ந்தளித்தவர் கர்தினால் கரோல் வொய்திவா. மறு ஆண்டு அவரே இரண்டாம் ஜான் பால் ஆனார்.

வொய்சியெக் பியெட்சிக் வடிவமைத்த அவ்வாலயத்தின் பெயர் 'ஆண்டவரின் பேழை'. கப்பல் வடிவம், வளைந்த கான்கிரீட் கூரை, நடுவே பாய்மரம்போல் எழும் ஒரு சிலுவை. கோதிக் கூர்வளைவு இல்லை. இரும்பாலையின் புகைபோக்கியோடு அது உயரப் போட்டி போடவில்லை. ஆலையும் அணையும் கட்டப் பயன்பட்ட அதே சிமெண்டையும் கம்பியையும் எடுத்துக்கொண்டு அவற்றை வேறொன்றாக வளைத்தது. பிரெஸ்டனிலிருந்து நோவா ஹூட்டா வரை ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகள். அதற்குள் கோபுரம் கூடாரமாகிவிட்டது.

நெய்வேலியில் அப்படியொரு போராட்டம் தேவைப்படவில்லை. நம் அரசு சமயச் சார்பற்றது எனினும் சமயத்தை மறுத்ததன்று. வட்டங்களுக்கிடையே கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் எழுந்தன. நகரியத்துக்கு முன்பே இருந்த வில்லுடையான்பட்டு முருகனும் வரைபடத்துக்குள் இடம்பெற்றார். பங்குனி உத்திரத்தன்று காவடி எடுத்து வருவோர், வரைபடம் தமக்குப் பிந்தியது என்பதை ஆண்டுதோறும் நினைவூட்டுகின்றனர்.

காலப் பொருத்தம் ஒன்றையும் இங்கே சுட்ட வேண்டும். அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய 1962இன் அக்டோபர் மாதத்தில்தான் உரோமையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியது. 1965இல் அது முடிந்தபோது இலத்தீன் திருப்பலி தமிழாகும் வழி திறந்திருந்தது. அதன்பின் பலிபீடம் சுவரை விட்டு நகர்ந்து, குருவானவர் மக்களை நோக்கித் திரும்பி நின்றார். பீடத்துக்கும் மக்களுக்கும் இடையே இருந்த கிராதி பல இடங்களில் நீங்கியது. பழைய ஊர்களின் கோயில்கள் இம்மாற்றத்துக்காகத் தம் உட்புறத்தை இடித்துத் திருத்த வேண்டியிருந்தது. அக்காலத்தில் பிறந்த தொழில் நகரங்களுக்கு அத்தொல்லை இல்லை. வடபுறச் சுவர், நாற்காலி வரிசை, தனி வாசல் என்று பரம்பரை உரிமை கொண்டாட அங்கே யாருக்கும் பாட்டன் இல்லை. வீடும் பதவித் தரத்தைப் பார்த்து ஒதுக்கப்பட்டதே அன்றித் தெருப் பெயரைப் பார்த்து அன்று. இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று மகிழவும் இயலாது. இதே உயர்மறைமாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டைப் பகுதியைச் சேர்ந்த எறையூரில், தலித் கத்தோலிக்கர் தமக்கெனத் தனிப் பங்கு கோரியதை ஒட்டி 2008 மார்ச்சில் மூண்ட மோதலில் காவல்துறை சுட்டு இருவர் மாண்டனர். 1745இல் பறைச்சேரி மக்கள் கேட்டது சுவரை இடிக்க. 2008இல் எறையூர் மக்கள் கேட்டது தனிக் கோயிலை. இரண்டு கோரிக்கைக்கும் இடையே 263 ஆண்டுகள்.

நகரியத்துப் பங்குக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அதற்கு முதியோர் நிலைப்பதில்லை. பணி ஓய்வு பெற்றவர் வீட்டைக் காலி செய்துகொண்டு இந்திரா நகருக்கோ வடக்குத்துக்கோ கடலூருக்கோ சொந்த ஊருக்கோ போய்விடுகிறார். அடிக்கல் நாட்டிய நாளில் கல் சுமந்தவர், முதற் பூசைக்குப் பந்தல் போட்டவர், மணியை லாரியில் ஏற்றிவந்தவர் எல்லாரும் அவ்வாறே போகின்றனர். அவர்களோடு செய்தியும் போகிறது. கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் இதே நிலைதான். நம் வட்டத்தில் சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் பணியாற்றியவர் பலர் இருக்கின்றனர். அவர்கள் ஆளுக்கு ஒரு வழிபாட்டிடத்தை எடுத்துக்கொண்டு, அதன் அடிக்கல் எழுத்தைப் படியெடுத்து, நீளம் அகலம் அளந்து, கட்டிய கொத்தனாரின் பெயரைக் கேட்டு எழுதி வந்தால் அடுத்த மலரில் அவற்றை அச்சிடலாம். அளவு நாடா என்னிடம் ஒன்று இருக்கிறது.